முதுமைக்கான வீடு: முந்தி வாங்குவதா, முதலில் வாடகைக்கு இருப்பதா?

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்று எம் முன்னோர் இரண்டு சோதனைகளைச் சொல்லிவைத்தனர். முதுமையில் எங்கே வாழ்வது என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை. பிறந்த வளவிலேயே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ வாழ்ந்து கண்மூடுவது இயல்பாக இருந்தது. இன்று அந்த இயல்பு குலைந்துவிட்டது. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கொழும்பிலும் வாழ, பெற்றோர் தமது இறுதிக் காலத்துக்கான வீட்டைத் தாமே தேடவேண்டியுள்ளது. முன்னோர் சொன்ன இரண்டு சோதனைகளுடன் இது மூன்றாவதாகச் சேர்ந்துள்ளது.

இலங்கையில் 60 வயதைக் கடந்தோர் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மொத்தச் சனத்தொகையில் 12.4 வீதத்தினர். அதன் பின்னர் இந்த விகிதம் உயர்ந்தே வந்துள்ளது. எனவே இது சில வசதி படைத்த குடும்பங்களின் கவலை மட்டும் அன்று.

கிளிநொச்சி நகருக்குக் கிழக்கே, இரணைமடுக் குளத்து நீரை நம்பி உருவான குடியேற்றத் திட்டக் கிராமம் வட்டக்கச்சி. வயலும் வாய்க்காலும் தென்னையும் மாமரமும் நிறைந்த அமைதியான ஊர். 2009 இன் தொடக்கத்தில் அங்கிருந்த மக்கள் அனைவரும் வீடு வாசல்களை விட்டு இடம்பெயர்ந்தனர். பின்னர் மீளக்குடியேறி, வெறுமையாகக் கிடந்த வளவுகளை மறுபடியும் வாழிடங்களாக்கினர். இத்தகைய ஊரொன்றில் கால் ஏக்கர் காணி, சிறு வீடு, ஒரு கிணறு என முதுமைக்கு இடம் தேடுவோர் பலர். புலம்பெயர் நாடுகளில் உழைத்துக் களைத்தோர், ஓய்வுபெறவிருக்கும் ஆசிரியர்கள், அரச ஊழியர்கள் என அவர்கள் பலதரப்பட்டவர்கள். ஐம்பதைத் தாண்டியதுமே "விலை ஏறுமுன் வாங்கிவிடுவோம்" என்ற அவசரம் அவர்களைப் பற்றிக்கொள்கிறது.

இங்கு நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. முதுமைக்கான இடத்தைப் பற்றி முன்கூட்டியே சிந்திப்பது நன்று. ஆனால், முன்கூட்டியே வாங்கிவிடுவது வேறு விடயம். தீர்மானத்தை முந்துங்கள், கொள்வனவைப் பிந்துங்கள்.

இதற்கான முதற்காரணம் காணியின் தன்மையிலேயே உள்ளது. வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் உள்ள காணிகளில் பெரும்பாலானவை, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம் மூலம் வழங்கப்பட்டவை. நாம் 'பெர்மிட் காணி' என்று வழக்கில் சொல்வது இவற்றையே. இவை தனியார் உறுதிக் காணிகளைப் போன்று விரும்பியவருக்கு விற்கத்தக்கவை அல்ல. உரிய அரச அனுமதியின்றிச் செய்யப்படும் கைமாற்றம் சட்டத்தின் முன் செல்லாது. இக்காணிகளின் பின்னுரித்தையும் அச்சட்டமே தீர்மானிக்கின்றது. தேசவழமையோ முஸ்லிம் வாரிசுச் சட்டமோ இவற்றுக்குப் பொருந்தாது. வாரிசு வரிசையில் நெடுங்காலமாக ஆண்களுக்கு இருந்த முன்னுரிமை 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே நீக்கப்பட்டது.

இவற்றை அறியாதவர்கள் அற்றோர்ணித் தத்துவத்தையோ, சத்தியக் கடதாசியையோ, வெறும் ஒப்பந்தத்தையோ நம்பி வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிடுகின்றனர். தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அதன் வலுவும் பொதுவாக முடிந்துவிடும். அவருடைய பின்னுரித்தாளர் வந்து வாசலில் நிற்கும்போது, எழுபது வயதில் வழக்காட எவருக்குத் தெம்பு இருக்கும்? ஆகவே விலை பேசுமுன் பிரதேச செயலகத்துக்குச் சென்று, அது எவ்வகைக் காணி, எவருடைய பெயரில் உள்ளது, பின்னுரித்தாளர் நியமிக்கப்பட்டுள்ளாரா என்பவற்றை விசாரித்தறிய வேண்டும். உறுதிக் காணியாயின் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்ய வேண்டும். வட மாகாணத்தில் உள்ள உறுதிக் காணிகளில் பங்காளிகளுக்குத் தேசவழமை வழங்கும் முற்கொள்வனவு உரிமையையும் மறந்துவிடலாகாது.

புலம்பெயர்ந்தோருக்கு மேலும் ஒரு தடை உண்டு. பிற நாட்டுக் குடியுரிமையைப் பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்தவர், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவரே. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் இங்கு காணி வாங்குவதைப் பொதுவாகத் தடைசெய்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளோரை அத்தடை கட்டுப்படுத்தாது. இதை ஒழுங்குசெய்யாமல் உறவினர் ஒருவரின் பெயரில் வாங்கிவைப்போர் உளர். அவ்வாறு வாங்கியது சட்டப்படி அந்த உறவினரின் சொத்து. வாங்கியவரின் நம்பிக்கை மட்டுமே அதற்குச் சாட்சி.

தம் பெயரிலேயே வாங்கினாலும், பத்து ஆண்டுகள் பின்னர்தான் குடிவருவோம் என்று பூட்டிவைக்கும் வீடு பாதுகாப்பானதன்று. கறையானும் மழையும் ஒருபுறம் இருக்க, இன்னொருவர் உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் இடையறாது ஆட்சி செய்தால், ஆட்சியுரிமை கோர எமது சட்டம் இடமளிக்கிறது. போர்க்காலத்தில் காணியை விட்டு அகன்றோருக்கு 2016 ஆம் ஆண்டில் சிறப்புச் சட்டமொன்றின் மூலம் நிவாரணம் வழங்கப்பட்டது. ஆனால், தாமாக வெளிநாட்டில் இருந்துகொண்டு காணியைக் கவனியாது விடுபவர் அந்த நிவாரணத்தை எதிர்பார்க்க முடியாது.

அடுத்ததாகக் கணக்கைப் பார்ப்போம். ஓர் எடுத்துக்காட்டுக்காக, ஒரு வீட்டின் விலை 120 இலட்சம் ரூபா என்றும் அதே போன்ற வீட்டின் மாத வாடகை 35,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். வாடகை ஆண்டுக்கு 4 இலட்சத்து 20 ஆயிரம். அந்த 120 இலட்சத்தை 8 வீத வருமானம் தரும் வைப்பில் இட்டால் ஆண்டுக்கு 9 இலட்சத்து 60 ஆயிரம் கிடைக்கும். வாடகை போக 5 இலட்சத்து 40 ஆயிரம் எஞ்சுகிறது. அது மருந்துக்கும் உதவியாளர் ஒருவரின் சம்பளத்துக்கும் உதவும். வாங்கியவரிடமோ வீடு இருக்கும், கையில் காசு இராது. கூரை ஒழுகினாலும் நீர்ப்பம்பி பழுதானாலும் செலவு அவருடையதே.

எனினும் இக்கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. 2022 செப்டெம்பரில் எமது நாட்டின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. வைப்பிலிட்ட பணத்தின் பெறுமதி கண்முன்னே கரைந்தபோது, சொந்தக் கூரையின் கீழ் இருந்தவர் வாடகை உயர்வுக்கு அஞ்சவேண்டியிருக்கவில்லை. ஆகவே வாடகையே எப்போதும் சிறந்தது என்று நாம் வாதிடவில்லை. சேமிப்பு முழுவதையும் செங்கல்லில் புதைப்பதும், முழுவதையும் வைப்பில் நம்பியிருப்பதும் ஒரே அளவான ஆபத்துகளே என்பதுதான் எமது கருத்து.

முஸ்லிம் வாசகர்களுக்கு இக்கணக்கு வேறு விதமாக அமையும். வட்டியைத் தவிர்ப்பவர் நிலையான வைப்பு வருமானத்தை நம்ப முடியாது. 2011 இல் செயற்படத் தொடங்கிய அமானா வங்கி போன்ற நிறுவனங்களின் இலாபப் பகிர்வு வைப்புகள் அவர்களுக்கு உண்டு. ஆனால், அவற்றின் வருவாய் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. எனவே சொந்தமாக வாங்குவதன் பக்கம் தராசு சற்றுச் சாய்வது இயல்பே.

அவர்களுக்கு அதனினும் ஆழமான கேள்வி ஒன்று உள்ளது. 1990 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு உட்பட வடக்கின் மாவட்டங்களிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அன்று முப்பது வயதில் புத்தளத்துக்குச் சென்றவர் இன்று அறுபத்தைந்தைக் கடந்தவர். பிறந்த மண்ணுக்குத் திரும்பி முதுமையைக் கழிக்க மனம் விரும்புகிறது. ஆனால் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வேரூன்றியிருப்பது புத்தளத்தில். அங்குள்ள வீட்டை விற்றுவிட்டு இங்கு வாங்குவது திரும்பிச்செல்ல முடியாத பாதை. வாடகைக்கு வந்து, பழைய அயலவர்களுடன் பழகி, பள்ளிவாசலும் வைத்தியசாலையும் எட்டும் தூரத்தில் உள்ளனவா என்று கண்டறிந்த பின் தீர்மானிப்பதே அறிவுடைமை.

வாங்குவதா வாடகையா என்ற கேள்வியில் பலர் மறந்துவிடுவது ஒன்றுண்டு. நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் எவர் வருவார்? வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலை தொலைவில் இல்லை. ஆனால், அத்தூரத்தை இரவில் கடக்க வாகனமும், உடன் வர ஓர் ஆளும் தேவை. அறுபது வயதில் மனத்தைக் கவரும் அமைதி, எண்பது வயதில் தனிமையாக மாறக்கூடும். கணவனும் மனைவியுமாக வாங்கிய வீட்டில் ஒருவர் மட்டும் எஞ்சும் நாள் வந்தே தீரும். அன்று அந்த வீட்டில் இருக்க முடியுமா என்று இன்றே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இக்கேள்விக்கு விடையாகத்தான் பிற நாடுகளில் முதியோர் குடியிருப்புத் தொகுதிகள் தோன்றின. தமிழகத்தில் கோயம்புத்தூர் இத்தகைய தொகுதிகளுக்குப் பெயர்பெற்றது. பொதுச் சமையற்கூடம், தாதி, மருத்துவ உதவி, காவல் ஆகியவை ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன. அங்கும் விலைக்கு வாங்கும் வழியும் வாடகைக்கு இருக்கும் வழியும் உள்ளன. விலைக்கு வாங்கினாலும் மாதப் பராமரிப்புக் கட்டணம் ஓயாது என்பதையும், நடத்தும் நிறுவனம் சோர்ந்துபோனால் வீடு மட்டுமே எஞ்சி, நாடிச்சென்ற சேவை இல்லாமற்போகும் என்பதையும் வாங்குவோர் எண்ணிப்பார்க்க வேண்டும். இத்தகைய இல்லங்களுக்கென இந்திய மத்திய அரசு 2019 இல் மாதிரி வழிகாட்டல்களை வெளியிட நேர்ந்தது.

பிரித்தானியாவில் வாழும் எம்மவர் அங்குள்ள நிலையையும் அறிவர். ஓய்வுக்கால அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் நீண்டகாலக் குத்தகை அடிப்படையிலேயே விற்கப்படுகின்றன. சேவைக் கட்டணம் தொடர்ந்து அறவிடப்படும். பல தொகுதிகளில், மீள விற்கும்போது விலையில் ஒரு பங்கை நடத்துநர் எடுத்துக்கொள்வார். புதிய குத்தகைகளில் நிலவாடகை அறவிடுவதை 2022 ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தியது. ஓய்வுக்கால வீடுகளுக்கு அது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வளர்ந்த நாட்டிலேயே முதியவரைக் காக்கச் சட்டம் தேவைப்பட்டதெனில், நாளை எம் மண்ணில் இத்தகைய தொகுதிகளை விற்க வருவோரிடம் நாம் எத்துணை விழிப்புடன் இருக்க வேண்டும்!

எனவே செய்யத்தக்கது யாது? முதலில் ஓராண்டேனும் வாடகைக்கு இருந்து பாருங்கள். மாரியையும் கோடையையும் அந்த ஊரில் கழியுங்கள். 2018 டிசம்பரில் பெய்த பெருமழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி மாவட்டத்தின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கின. ஆவணியில் காணியைப் பார்ப்பவருக்கு மார்கழியில் வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறும் என்பது தெரியாது. அதே ஊரில் மாரியைக் கழித்தவருக்குத் தெரியும். கோடையில் கிணற்று நீர் எவ்வளவு இறங்குகிறது, அது குடிக்க உகந்ததா, அயலவர் எத்தகையோர் என்பனவும் அவ்வாறே.

வாடகைக்கு இருப்பதையும் வாய்ப்பேச்சில் விடக்கூடாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டு முதல் எமது சட்டம். பெர்மிட் காணியில் உள்ள வீடாயின், அதைக் குத்தகைக்குக் கொடுக்க இடமுண்டா என்பதையும் பிரதேச செயலகத்தில் முதலில் கேட்டறிய வேண்டும். ஓராண்டு கழிந்தும் மனமும் உடலும் அங்கு ஒன்றினால், காணியின் உரித்தும் தெளிவாக இருந்தால், அப்போது தாராளமாக வாங்கலாம். ஆனால் கையிருப்பு முழுவதையும் அதில் போடாது, மருத்துவத்துக்கென ஒரு பங்கை ஒதுக்கிவைப்பது அவசியம்.

வாங்கிய பின்னரும் ஓர் எச்சரிக்கை தேவை. "எப்படியும் பிள்ளைகளுக்குத்தானே" என்று உடனடியாக நன்கொடை உறுதி எழுதுவது எம்மவர் வழக்கம். எழுதுவதாயின் சீவிய உரித்தை உங்களுக்கென வைத்தே எழுதுங்கள். மீளப்பெற முடியாத நன்கொடையைப் பெருநன்றியீனத்தைக் காரணங்காட்டி இரத்துச் செய்வதற்கு, 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றத்தையே நாடவேண்டும். பெற்ற பிள்ளைமீது வழக்குத் தொடுக்க எத்தனை பெற்றோருக்கு மனம் வரும்? நன்கொடையின் வலுவில் முஸ்லிம் சட்டத்தின் விதிகளும் தொடர்புபடுவதால், முஸ்லிம் பெற்றோர் அச்சட்டமறிந்த சட்டத்தரணியைக் கலந்தாலோசிப்பது நலம்.

அரசுக்கும் மாகாண நிருவாகத்துக்கும் இதில் பொறுப்புண்டு. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள்மீது சுமத்துகிறது. ஆதரவற்றோருக்குக் கைதடி அரச முதியோர் இல்லம் போன்றவை உள்ளன. ஆனால் பிள்ளைகளுக்கும் பாரமாகாது, இல்லத்திலும் சேராது, ஓய்வூதியத்தில் தம் காலில் நிற்க விரும்பும் முதியவருக்கு நடுவழி ஒன்று வேண்டும். வைத்தியசாலைக்கு அண்மையில், படிகளற்ற, கைபிடிகள் பொருத்திய சிறு வீடுகளை நியாயமான வாடகைக்கு வழங்கும் திட்டமொன்றைக் கிளிநொச்சி போன்ற நகரங்களில் தொடங்கினால் அது பலருக்கும் பயன்படும். தனியார் இத்துறைக்குள் நுழையுமுன் அவர்களுக்கான விதிகளையும் வகுத்துவிட வேண்டும். குடியேற்றத் திட்டக் காணிகளின் உரித்துச் சிக்கல்களைத் தீர்த்துவைப்பதும் அதே அளவு அவசரமானது.

பலமுறை இடம்பெயர்ந்து, பலமுறை வீடிழந்த மக்கள் நாம். தமிழராயினும் முஸ்லிம்களாயினும் இன்று முதுமையின் வாசலில் நிற்போருக்கு இன்னுமோர் இடப்பெயர்வைத் தாங்கும் வலு இல்லை. அவசரத்தில் எழுதிய உறுதியால் அந்த நிலை நேரக்கூடாது. ஓராண்டு பொறுப்பதால் காணி விலை சற்று உயரக்கூடும். தவறான இடத்தில் முடங்கிய ஒரு முதுமையோடு ஒப்பிடும்போது அது பெரிய இழப்பன்று.