உரம் பிடிக்காத புரோட்டியா

கிங் புரோட்டியா தென்னாப்பிரிக்காவின் தேசிய மலர். அந்நாட்டுக் கிரிக்கெட் அணியின் பட்டப்பெயரும் புரோட்டியாதான். கேப் பகுதி மலைச்சரிவுகளில் இயல்பாக வளரும் இந்தப் புதரின் மலர்த்தலை 30 சென்டிமீட்டர் அகலம் வரை விரியும். இதழ்போலத் தெரிபவை நிறமேறிய பூவடிச் செதில்கள். நடுவில் நெருக்கமாக நிற்பவையே உண்மையான பூக்கள்.

நீர் தேங்காத, அமிலத்தன்மையுள்ள மணற்பாங்கான மண், நல்ல வெயில், தாராளமான காற்றோட்டம் ஆகியவை இதற்கு வேண்டும். சத்துக் குறைந்த மண்ணுக்குப் பழகிய வேர்கள் மேல்மண்ணில் கொத்துக் கொத்தாகப் பரவி, சிறிதளவு மணிச்சத்தையும் விடாமல் உறிஞ்சும். அதனால் சூப்பர் பாஸ்பேட், எலும்புத்தூள் போன்ற மணிச்சத்து உரங்கள் இதற்கு நஞ்சு. இலை மஞ்சளாகி, ஓரம் கருகி, செடியே மடிந்துபோகும். தோட்டக்காரரின் அக்கறையே இங்கே வினையாகிவிடுகிறது! செடியடியைக் கொத்துவதும் கூடாது; களையை மேலாக நறுக்கிவிட்டு மூடாக்கு இடுவது நல்லது.

விதையிலிருந்து வளர்ந்து பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். இயற்கையில் காட்டுத்தீ முளைப்பைத் தூண்டுவதால், விதையைப் புகையேற்றிய நீரில் ஊறவைத்து விதைப்பதும் உண்டு. தீயில் கருகிய புதரும் தரையடித் தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வாடிய பூக்களை அவ்வப்போது காம்போடு வெட்டிவிட்டால் புதுக்கிளைகள் வரும்.