கார்போகரிசியின் இரு குணங்கள்

மூலிகையினின்று எடுத்தது என்று கேட்டவுடனே, 'அப்படியானால் தீங்கு இல்லை' என்று முடிவு கட்டிவிடுவது நம்மிடையே பெருவழக்காக இருக்கிறது. எருக்கம்பாலும் செடியினின்று வருவதே. அது கண்ணில் பட்டால் என்னாகும் என்பதைக் கிராமத்துப் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். அரளி விதையும் செடியில் விளைவதே. ஆகவே, ஒரு பொருள் செடியிலிருந்து வந்தது என்பதை மட்டும் கொண்டு அதன் மென்மையை அளந்துவிட இயலாது. இவ்வுண்மையை விளக்குவதற்கு மிகவும் பொருத்தமான விதை ஒன்று நம் நாட்டு மருந்துக் கடைகளிலேயே இருக்கிறது. அதன் பெயர் கார்போகரிசி. இன்று பல நாடுகளில் முகப்பூச்சுக் குப்பிகளின்மேல் காணப்படும் 'பாகுச்சியோல்' என்னும் பொருள் இவ்விதையில் உள்ளதே. ரெட்டினோலுக்கு மாற்றான மென்மையான தாவரப் பொருள் என்று அதனை விளம்பரம் செய்கிறார்கள். அவ்விளம்பரத்தில் மெய் எவ்வளவு, எச்சரிக்கை வேண்டிய இடம் எது என்று ஆராய்வோம்.

முதலில் தோலின் இயல்பை நினைவுகூர்தல் வேண்டும். மேல்தோலின் அடிவரிசையில் புதிய உயிரணுக்கள் இடையறாது தோன்றுகின்றன. அவை சிறிது சிறிதாக மேலேறி, ஏறத்தாழ நான்கு வாரங்களில் உயிரற்ற செதில்களாக உதிர்கின்றன. அதற்குக் கீழே உள்ள உள்தோலில் கொலாஜன் என்னும் புரத இழைகள் பின்னிக்கிடந்து, தோலுக்கு உறுதியைத் தருகின்றன. வயது ஏற ஏற உயிரணுக்கள் புதுப்பிக்கப்படும் வேகம் குறைகிறது. கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் கொலாஜன் இழைகளைச் சிதைக்கின்றன. சுருக்கமும் கரும்புள்ளியும் தோன்றுவதற்கு இவையே முதன்மையான காரணங்கள்.

ரெட்டினோல் என்பது வைட்டமின் 'ஏ'யின் ஒரு வடிவம். 1913-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மக்காலம், மார்கரீட் டேவிஸ் என்னும் இருவரும், வெண்ணெயிலும் முட்டையின் மஞ்சட் கருவிலும் வளர்ச்சிக்கு இன்றியமையாத ஒரு பொருள் இருப்பதைக் கண்டனர். அதன் அணு அமைப்பை 1931-இல் பால் காரர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் வகுத்தார். 1937-இல் நோபல் பரிசிலும் பங்கு பெற்றார். தோலில் பூசிய ரெட்டினோல், உயிரணுக்களுக்குள்ளே படிப்படியாக ரெட்டினோயிக் அமிலமாக மாறுகிறது. அவ்வமிலம் உயிரணுவின் உட்கருவில் உள்ள ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு, பல மரபணுக்களின் வேலையைத் தூண்டுகிறது. அதனால் செதில்கள் விரைந்து உதிர்கின்றன. கொலாஜன் உற்பத்தியும் மிகுகிறது.

பயன் பெரிது, ஆனால் தொல்லையும் உண்டு. பூசத் தொடங்கிய முதற் சில வாரங்களில் பலருக்குத் தோல் வறண்டு, சிவந்து, செதில் செதிலாக உரிகிறது, எரிச்சலும் காண்கிறது. ரெட்டினோல் ஒளியாலும் காற்றாலும் எளிதில் கெட்டுப்போகும் தன்மையுடையது. கருவுற்ற மகளிர் இவ்வகைப் பூச்சுகளைத் தவிர்க்க வேண்டும் என்றும் மருத்துவர்கள் கூறுகிறார்கள். இக்காரணங்களாலேயே மாற்றுப் பொருள் ஒன்றை ஆராய்ச்சியாளர் தேடலாயினர்.

கார்போகரிசிச் செடி அவரை, துவரை முதலியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சிறிய ஊதா நிறப் பூக்களையும், ஒற்றை விதையுள்ள கரிய காய்களையும் உடையது. வடமொழியில் அதற்குப் பாகுசி என்று பெயர். சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் தோல் நோய்களுக்கு, சிறப்பாக வெண்புள்ளிகளுக்கு, அதனை நெடுங்காலமாக வழங்கி வருகிறார்கள். நம் இல்லங்களில் அரைத்து வைக்கும் குளியல் பொடியிலும் அது சேர்வதுண்டு. 1966-இல் புனே நகரத்துத் தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சுக் தேவ் முதலிய அறிஞர்கள், இவ்விதையிலுள்ள ஒரு புதிய சேர்மத்தின் அமைப்பை வெளியிட்டனர். விதையின் வடமொழிப் பெயரையொட்டி அதற்குப் பாகுச்சியோல் என்று பெயரிட்டனர்.

அமைப்பில் ரெட்டினோலுக்கும் பாகுச்சியோலுக்கும் ஒற்றுமை இல்லை. இருப்பினும் தோலின் மரபணுக்களிடத்து இரண்டும் பெரும்பாலும் ஒத்த முறையிலே செயற்படுகின்றன என்று 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது. பின்னர் 2019-இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வெளியான சோதனை ஒன்று பலருடைய கவனத்தைக் கவர்ந்தது. அதில் 44 பேர் 12 வாரங்கள் கலந்துகொண்டனர். ஒரு சாரார் 0.5 விழுக்காடு பாகுச்சியோலை நாள்தோறும் இருமுறை பூசினர். மற்றொரு சாரார் 0.5 விழுக்காடு ரெட்டினோலை ஒருமுறை பூசினர். இரு சாராருக்கும் சுருக்கமும் கருமையும் குறைந்தன. செதிலுரிதலும் எரிச்சலும் ரெட்டினோல் பூசியவரிடமே மிகுதியாகக் காணப்பட்டன.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். 44 பேர் என்பது சிறு தொகை. ஒன்றை இருமுறையும் மற்றதை ஒருமுறையும் பூசியிருக்கிறார்கள். 'வேறுபாடு தென்படவில்லை' என்பது ஒன்று. 'இரண்டும் சமம் என்று நிலைநாட்டப்பட்டது' என்பது மற்றொன்று. விளம்பரம் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. ரெட்டினோல் வகைப் பொருள்களுக்கோ பல பத்தாண்டு ஆராய்ச்சியின் பக்கபலம் இருக்கிறது.

இனி, எச்சரிக்கைக்குரிய செய்திக்கு வருவோம். இதே விதையில் சோராலென் என்னும் மற்றொரு பொருளும் இருக்கிறது. அது தோலிற் படிந்திருக்கும்போது வெயில் பட்டால், புற ஊதாக் கதிரின் ஆற்றலை ஏற்று, உயிரணுவின் மரபுப் பொருளோடு பிணைந்து அதைச் சிதைக்கிறது. ஓரிரு நாளில் தோல் சிவந்து கொப்புளிக்கும். ஆறிய பின்னும் கருமை நெடுநாள் நிற்கும். வெண்புள்ளிகள்மீது நிறம் வருமாறு செய்வதற்கு மருத்துவர்கள் இக்குணத்தையே அளவறிந்து பயன்படுத்தினார்கள். அளவறியாதவர் கையில் அதுவே தீப்புண்ணாகிவிடும். எலுமிச்சையின் தோலிலும் சாற்றிலும் இவ்வினத்துப் பொருள்கள் உண்டு. அதை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் நடப்பதும் இதனாலேயே தீங்காகிறது.

ஆகவே, பாகுச்சியோல் நல்லது என்று கேள்வியுற்று, கடையில் கார்போகரிசியை வாங்கி அரைத்து முகத்தில் அப்பிக்கொள்வது பெரும் பிழை. அவ்விதையின் எண்ணெயை அப்படியே பூசுவதும் அத்தகையதே. சோராலென் நீக்கித் தூய்மை செய்யப்பட்ட பாகுச்சியோலுக்கே மேற்சொன்ன மென்மை உரியது. விதை ஒன்று, குணம் இரண்டு. அவற்றைப் பிரித்தெடுத்தது ரசாயன அறிவு.

பயன்படுத்தும் முறை எளிது. முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசிச் சில நாட்கள் பார்க்க வேண்டும். அரிதாகச் சிலருக்கு இதனாலும் ஒவ்வாமை உண்டாகியிருக்கிறது. தினவோ சிவப்போ இல்லையெனில், இரவில் முகத்தை மென்மையாகக் கழுவி, ஈரம் உலர்ந்தபின் இரண்டொரு துளி தடவி, அதன்மேல் ஈரங்காக்கும் களிம்பைப் பூசலாம். பயன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். பகலில் வெயில் தடுக்கும் பூச்சும் குடையும் வேண்டும்; வெயிலைத் தடுக்காமல் சுருக்கத்துக்கு மருந்திடுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும். கருவுற்றோரும், தோல் நோய் உடையோரும் மருத்துவரைக் கேளாமல் எதையும் தொடங்கலாகாது. கருவுற்ற நிலையில் பாகுச்சியோலை வைத்துப் போதிய சோதனைகள் நடைபெறவில்லை.

பதினாறு பதினேழு வயதினருக்குச் சுருக்கம் போக்கும் பூச்சு எதுவும் வேண்டுவதில்லை. அவ்வயதில் தோல் தானே செவ்வனே புதுப்பித்துக்கொள்கிறது. முகப்பரு மிகுந்து துன்புறுத்தினால் அதற்குத் தக்க மருத்துவம் உண்டு. அண்ணனோ அக்காளோ வாங்கி வைத்த குப்பியைப் பரிசோதித்துப் பார்ப்பது அதற்கு வழியன்று. ஆயினும் இச்செய்தியை நீங்கள் அறிந்திருத்தல் நலம். ஏனெனில் வீட்டில் பெரியவர்களுக்குக் குப்பியின்மேல் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் நீங்களே. 'மூலிகை' என்ற பெரிய எழுத்தைப் படித்தவுடன் நிறுத்திவிடாதீர்கள். உள்ளிருப்பது தூய பாகுச்சியோலா, விதை எண்ணெயா, அளவு எத்தனை விழுக்காடு என்று கீழே சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதையும் படித்துச் சொல்லுங்கள்.