பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முன் சஸ்பென்ஷனை வீட்டிலேயே கழற்றுகிறீர்களா?

பிரிட்டனில் 40 ஆண்டைக் கடந்த கார்களுக்கு எம்ஓடி எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனை 2018 மே 20 முதல் கட்டாயமில்லை. கடந்த 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் இருந்தால் போதும். 1962 முதல் 1980 வரை தயாரான ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார்கள் எல்லாமே இந்த வயதைத் தாண்டிவிட்டன. முன்சக்கரத்தைத் தாங்கும் பாகங்கள் உறுதியாக உள்ளனவா என்று பார்க்கும் பொறுப்பு இப்போது உரிமையாளரின் தலையில்தான். வீட்டிலேயே கழற்றிப் பார்க்க அவருக்கு முழு உரிமை உண்டு. அதற்குரிய ஆபத்துகளையும் சட்டத்தையும் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

ஏன் கழற்ற வேண்டும்?

ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரம் செங்குத்தான ஓர் எஃகுத் தண்டில் நிற்கிறது. தண்டின் கீழ்முனை, ட்ரன்னியன் என்னும் வெண்கலப் பாகத்துக்குள் மரையோடு திருகப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் சுழல்கிறது. இதற்குக் கிரீஸ் வைக்கக் கூடாது. இபி90 கியர் ஆயில்தான் செலுத்த வேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. அங்கே தண்ணீர் புகுந்து எஃகைத் துரு தின்னும். ஒருநாள் தண்டு முறிந்து, ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இந்தத் துரு தெரியாது.

ட்ரயம்ஃப் ஹெரால்டு, ஜிடி6, லோட்டஸ் எலான் ஆகியவற்றிலும் இதே வகை அமைப்புதான். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இதே குடும்பம். அதைப் பேணி வருவோருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

எங்கெல்லாம் ஆபத்து?

ஜாக்கி: காரைத் தூக்க மட்டுமே ஜாக்கி. அதை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். சமமான கான்கிரீட் தரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சேஸிஸில் துருவேறாத இடம் பார்த்து இரண்டு ஸ்டாண்டுகளை வையுங்கள். செங்கல் அடுக்குவது வேண்டாம்; அது பாரத்தில் நொறுங்கும்.

ஸ்பிரிங்: ஸ்பிட்ஃபயரில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தொகுப்பு. மேலே உள்ள மூன்று நட்டுகளையும் கீழ் போல்ட்டையும் எடுத்தால் தொகுப்பு முழுதாக வெளியே வரும். நடுவில் இருக்கும் நட்டு ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்திருப்பது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் போடாமல் அதில் ஸ்பேனர் வைக்கவே கூடாது. வைத்தால் முகத்தையும் கையையும் உடைக்கும் வேகத்தில் ஸ்பிரிங் பாயும். கம்ப்ரஸரின் இரு கொக்கிகளையும் எதிரெதிரே மாட்டி, மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். கம்ப்ரஸர் இல்லாதவர்கள் தொகுப்பை அப்படியே பட்டறையில் கொடுத்துப் பிரித்து வாங்கலாம். எம்ஜிபி போன்ற கார்களில் ஸ்பிரிங் கீழ்த்தட்டில் தனியாக அமர்ந்திருப்பதால் முறையே வேறு. உங்கள் காருக்குரிய கையேட்டைப் படிக்காமல் தொடங்காதீர்கள்.

பிரேக் தூசி: ஆஸ்பெஸ்டாஸுக்கு பிரிட்டனில் 1999இல் தடை வந்தது. அதற்கு முந்தைய பிரேக் பேடுகளில் அது இருக்கலாம். காற்றடித்தோ தட்டியோ தூசியைக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

திரும்ப மாட்டும்போது: ட்ரன்னியன் ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை; இரண்டையும் கலந்துவிடாதீர்கள். கீழ் விஷ்போன் என்னும் தாங்குகையின் அருகே இருந்த ஷிம் தகடுகள் எங்கே எத்தனை என்று கழற்றும்போதே குறித்துக்கொள்ளுங்கள். லாக் நட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். ரப்பர் புஷ் போல்ட்டுகளின் கடைசி இறுக்கம், காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

எம்ஓடி விலக்கு இருந்தாலும், ஆபத்தான நிலையில் உள்ள காரை ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதமும் லைசென்ஸில் 3 புள்ளிகளும் விழும். மாதக்கணக்கில் காரைப் பிரித்துப் போட்டு, வரிப் பதிவையும் காப்பீட்டையும் நிறுத்துவதானால், சாலையில் ஓடாது என்று வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தபின் அதைப் பொதுச் சாலையில் நிறுத்தக் கூடாது. சஸ்பென்ஷனின் வகையையே மாற்றினால் எம்ஓடி விலக்கு பறிபோகலாம்.

மோசமான பாகம் வந்தால்?

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, கடைக்காரர் விற்கும் பாகம் தரமாகவும், சொன்னபடியும், பயன்பாட்டுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். குறையிருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறலாம். அதன் பின் பழுது நீக்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். முதல் 6 மாதத்தில் தெரியவரும் குறை வாங்கும்போதே இருந்ததாகவே கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் கடமை. இணையத்தில் கடைக்காரரிடம் வாங்கியிருந்தால், கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் கார்டு நிறுவனமும் பொறுப்பு. தனியாரிடம் வாங்கும் பழைய பாகத்துக்கு இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி கிடையாது.

ரசீதையும், கழற்றிய பாகத்தையும், புகைப்படங்களையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பலன் இல்லையென்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பை அணுகுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கைகளைப் பொதுவாகச் சிறு உரிமை வழக்காகத் தொடுக்கலாம்.

வேலை முடிந்ததும் சக்கர அலைன்மென்ட் பாருங்கள். கட்டாயமில்லாவிட்டாலும் நீங்களாகவே எம்ஓடி சோதனைக்குக் கொண்டுபோங்கள். காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டுதான். நீங்கள் பூட்டிய போல்ட்டுகளை இன்னொருவர் கண்ணும் பார்த்த பிறகே சாலைக்கு எடுங்கள். எதிரே வருபவர் உயிரும் அந்தச் சக்கரத்தை நம்பியிருக்கிறது.