தரிசு என்ற பெயரில் மறையும் சேவண் புல்

புது தில்லி: ஒரே நிலத்துக்கு இரண்டு பெயர்கள். மேற்கு ராஜஸ்தானின் ஜைசல்மேரில் கால்நடை வளர்ப்போருக்கு அது மேய்ச்சல் நிலம். தில்லியில் நில வளத் துறை வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பிலோ, அத்தகைய நிலம் மணற்பரப்பு, புதர் நிலம், சீரழிந்த மேய்ச்சல் நிலம் என்ற தலைப்புகளில் அடங்கிவிடுகிறது. இந்தப் பெயர் வேறுபாட்டில்தான் சேவண் புல்லின் எதிர்காலம் சிக்கியுள்ளது.

தார் பாலைவனத்தின் புற்களுக்கெல்லாம் அரசன் எனப்படுவது சேவண். ஆண்டு மழை 250 மில்லிமீட்டருக்கும் குறைவான மணற்பாங்கான நிலமே அதன் தாயகம். மழை பொய்த்தால் காய்ந்த தூராக உறங்கும். ஒரு மழை பெய்தால் மீண்டும் துளிர்க்கும். ஒருமுறை வேரூன்றினால் பல ஆண்டுகள் பலன் தரும். தார்பார்க்கர் பசுக்களுக்கும் செம்மறி ஆடுகளுக்கும் அதுவே தீவனம். அதன் வேர்கள் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. அழிவின் விளிம்பில் உள்ள கானமயிலுக்கும் இப்புல்வெளியே வாழிடம்.

முதல் அடி, இந்திரா காந்தி கால்வாயுடன் வந்தது. பாசனம் எட்டிய இடங்களில் புல்வெளி வயலாயிற்று. உழவு மாடும் ஒட்டகமும் இழுத்த கலப்பைக்குத் தப்பிய தூர்களை டிராக்டர் வேரோடு பெயர்த்தது.

அடுத்த நெருக்கடி மின்சாரத்தால் வந்துள்ளது. புதைபடிவ எரிபொருள் சாராத மின் உற்பத்தித் திறனை 2030-க்குள் 5 லட்சம் மெகாவாட்டாக உயர்த்துவது மத்திய அரசின் இலக்கு. இதன் தேவையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால், சூரியத் தகடுகளுக்கு இடம் தேடும்போது 'தரிசு' எனப் பதிவான நிலமே முதலில் கண்ணில் படுகிறது.

கானமயிலைக் காக்க மின்கம்பிகளை நிலத்தடியில் பதிக்குமாறு 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி, நிபுணர் குழுவை அமைத்தது. அந்த வழக்கின் மையம் பறவையும் மின்கம்பியும்தான்; புல் அல்ல. எனினும், 2024 டிசம்பரில் மற்றொரு தீர்ப்பு வந்தது. 'ஓரண்' எனப்படும், தெய்வத்தின் பெயரால் ஊர் மக்கள் காத்துவரும் நிலங்களை அளந்து அறிவிக்கை செய்யுமாறு ராஜஸ்தான் அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஓரண் எல்லைக்கு வெளியே உள்ள சேவண் வெளிகளுக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை.

மரம் இருந்தால் வனத்துறை கேட்கும். பயிர் இருந்தால் வேளாண் துறை கேட்கும். புல்லை யார் கேட்பது? தீவனம் கால்நடைத் துறையிடம், தரிசு நிலம் ஊரக வளர்ச்சி அமைச்சகத்திடம், சூரிய மின்சாரம் வேறொரு அமைச்சகத்திடம். புல்வெளிகளுக்குப் பொறுப்பாளர் இல்லை என்பதைத் திட்டக் குழுவின் பணிக்குழு 2006-லேயே சுட்டிக்காட்டி, தேசிய மேய்ச்சல் கொள்கை தேவை என்றது. இன்று திட்டக் குழுவே இல்லை.

2026-ஐ மேய்ச்சல் நிலங்கள் மற்றும் மேய்ப்பர்களின் ஆண்டாக ஐ.நா. பொதுச் சபை அறிவித்தது. விழா எடுப்பது எளிது. சேவண் வளரும் நிலத்தைத் தரிசுப் பட்டியலிலிருந்து நீக்குவதே அதைவிட முதன்மையான பணி.