லைனும் லயமும்

ஆளிச்செடியின் நூலைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது ஆங்கிலத்தின் ‘லைன்’. கோடு, கயிறு, வரிசை, கவிதையின் அடி, தொலைபேசித் தொடர்பு என்று அது சுமக்கும் பொருள்கள் ஏராளம்.

இலங்கை மலையகத்தின் பதுளைக்கு அது இரும்புத் தண்டவாளமாகவும் வந்தது. 1924இல் ரயில் பாதை இங்கே வந்து முடிந்தது. வழியிலுள்ள தெமோதரையில் அந்த லைன் மலையைச் சுற்றி வளைந்து, தான் கடந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வழியாக நுழைகிறது!

தேயிலைத் தோட்டத்திலோ அதே சொல் வீடானது. தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய அறைகளைத் துரைமார் ‘லைன்’ என்றார்கள். மக்கள் நாவில் அது லயன், லயம் ஆயிற்று. போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற ‘காம்பரா’வும் சேர்ந்து ‘லயக்காம்பரா’ பிறந்தது. ஓர் அறை, ஒரு வாசல், பல தலைமுறை.

இசைக்காரருக்கு லயம் என்றால் தாளத்தின் சீர். அது வடமொழி வழி வந்தது, இரண்டுக்கும் உறவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்க ஒருவருக்கு ஒதுக்கும் தேயிலை வரிசைக்கு ‘லைன்’ ஒட்டவேயில்லை. அது இன்றும் நல்ல தமிழில் ‘நிரை’தான்.