செய்நிரல் எழுதும் கருவிகள்: பழையனவும் புதியனவும்

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது பழமொழி. ஆனால், புல்லையே ஆயுதமாகக் கொள்ளவேண்டும் என்று எந்த வல்லவனும் விதி வகுத்ததில்லை. கணினிக்குச் செய்நிரல் எழுதுவோரிடையே நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு வழக்கு இந்த இடத்திலேதான் பிறக்கின்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிவீடுகளிலே நள்ளிரவுவரை மடிக்கணினியின்முன் அமர்ந்திருக்கும் இளைஞர்க்கும் இவ்வழக்குப் புதிதன்று.

செய்நிரல் என்பது கணினி செய்யவேண்டிய வேலையை ஒழுங்காகக் கூறும் கட்டளைத் தொடராகும். அதனை எழுதவும் திருத்தவும் ஒரு பதிப்பி வேண்டும். எழுதியதைப் பொறி அறியும் வடிவுக்கு மாற்ற ஒரு தொகுப்பான் வேண்டும். பிழையைத் தேடிக் காண மற்றொரு கருவி வேண்டும். இவற்றைத் தனித்தனியே வைத்து ஆளுவது பழைய முறை. யாவற்றையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்து, பொத்தானை அழுத்தியதும் ஏவல் செய்ய நிற்பது புதிய முறை. அதற்கு ஒருங்கிணைந்த விருத்திச் சூழல் என்று பெயர்.

பழைய கருவிகள் ஏன் அவ்வளவு சுருக்கமானவை? கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த பில் ஜோய் என்பவர் 1976 ஆம் ஆண்டளவில் வி-ஐ என்னும் பதிப்பியை எழுதினார். அவருடைய வீட்டுக்கும் கணினிக்கும் இடையே இருந்த தொலைபேசித் தொடர்பு நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துக்களையே கடத்தவல்லது. ஆதலின் ஒவ்வோர் எழுத்தும் விலைமதிப்புடையதாயிற்று. ஒற்றை எழுத்தே ஒரு கட்டளையாகும்படி அவர் அமைத்தார். வறுமை கற்பித்த சிக்கனம் அது. பின்னர் நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் 1991 இல் வெளியிட்ட விம் என்னும் பதிப்பி அந்த மரபை வளர்த்தது.

புதிய முறையும் நேற்றுப் பிறந்ததன்று. டென்மார்க்கைச் சேர்ந்த அண்டர்ஸ் ஹைல்ஸ்பேர்க் உருவாக்கிய டேர்போ பஸ்கால் 1983 இல், ஐம்பது டொலருக்கும் குறைந்த விலையிலே, பதிப்பியையும் தொகுப்பானையும் ஒன்றாக்கி வழங்கியது. எழுதியவர் தம் பிழையை உடனே கண்டார். பிழை நேர்ந்த வரியிலேயே போய் நின்றார். கற்போர்க்கு இது பெரும் பேறாயிற்று. 2001 இல் வெளிவந்த எக்லிப்ஸ் முதலியன இவ்வழியில் மேலும் சென்றன. ஆயிரம் கோப்புகள் கொண்ட செய்நிரலில் ஒரு பெயரை மாற்றினால், அப் பெயர் வருமிடமெல்லாம் தவறாது மாற்றித் தரும் ஆற்றலை அவை பெற்றன.

அங்ஙனமாயின் பழையதை விட்டுவிடலாமே என நேயர்கள் வினவலாம். கொழும்பு நகரம் 2022 இல் இவ்வினாவுக்கு ஒரு விடை கண்டது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டது. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை அண்டியது. புதிய மடிக்கணினி நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாப் பொருளாயிற்று. பெரிய விருத்திச் சூழல் நினைவகத்தை நிரம்பக் கொள்ளும். மின்கலத்தையும் விரைவில் வற்றச் செய்யும். எளிய பதிப்பியோ பழைய பொறியிலும் ஓடும். மெலிந்த இணையத் தொடர்பினூடே தொலைவிலுள்ள கணினியிலும் வேலை செய்யும். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு இது சுவை பற்றிய வாதமன்று. தொழிலில் நுழையும் வாயில் திறந்திருக்குமா என்னும் கேள்வியாகும்.

இரு முறைகளையும் பிரித்த மதில் அண்மைக் காலத்தில் தாழ்ந்துள்ளது. மொழியின் இலக்கணத்தை அறிந்து பிழை கூறும் அறிவை ஒவ்வொரு பதிப்பியினுள்ளும் தனித்தனியே கட்டவேண்டியிருந்தது. பத்து மொழிகளும் பத்துப் பதிப்பிகளும் இருப்பின் நூறு இணைப்புகள் தேவை. 2016 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட ஒரு பொது நெறிமுறையின்படி, அவ்வறிவு பதிப்பிக்கு வெளியே தனிச் சேவையாக நிற்கும். எந்தப் பதிப்பியும் அதனிடம் கேட்கலாம். நூறு இணைப்புகள் இருபதாகக் குறைந்தன. விம் போன்ற பழைய பதிப்பியும் இன்று புதியதன் அறிவைக் கடன்பெற முடிகின்றது.

கொழும்பிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. சஞ்சீவ வீரவரணவும் அவர் தோழர்களும் 2005 இல் தொடங்கிய டபிள்யூ-எஸ்-ஓ-டூ நிறுவனம், பலரினா என்னும் செய்நிரல் மொழியை 2017 இல் அறிமுகப்படுத்தி, 2019 இல் அதன் முதலாம் பதிப்பை வெளியிட்டது. இம்மொழியில் எழுதியது வரிவடிவிலும் தோன்றும், வரைபடமாகவும் தோன்றும். படத்தைத் திருத்தினால் எழுத்து மாறும். எழுத்தைத் திருத்தினால் படம் மாறும். எனினும் கோப்பில் சேமிக்கப்படுவது எழுத்தே. கண்ணுக்கு வசதி செய்தவர்கள் எழுத்தைக் கைவிடவில்லை என்பது கருதத்தக்கது.

இனி, கற்பவர் எதனைக் கைக்கொள்வது? பொத்தானை அழுத்தி விடை பெறுவதும், அப் பொத்தானுக்குப் பின்னே நிகழ்வதை அறிவதும் வெவ்வேறு. வாய்பாடு தெரிந்தவன் கையிலே கணிப்பான் வேகம் தரும்; தெரியாதவன் கையிலே அது தவறான விடையையும் அதே உறுதியோடு தரும். இன்று செயற்கை நுண்ணறிவு முழு வரிகளையும் தானே எழுதி நீட்டுகின்றது. அது சரியா, பிழையா என்று சொல்லவேண்டியவர் மனிதரே. ஆதலின், மாணவர் முதலில் சில கிழமைகளாவது எளிய பதிப்பியில் எழுதி, தொகுப்பானைத் தம் கையாலேயே ஏவி, அது கூறும் பிழையைத் தாமே வாசித்துப் பழகுதல் நன்று. அதன்பின் பெரிய விருத்திச் சூழலைத் தயக்கமின்றி ஏற்கலாம். அப்பொழுது அக்கருவி அவருக்கு ஏவலாளாக நிற்கும். அடிப்படை அறியாதவருக்கோ அதுவே எசமானாகிவிடும்.