கத்திக்கு ஏற்ற கயிறு

மரக்கிளை கழிப்போர், படகில் வலையை அறுத்துச் சீர்செய்வோர், காட்டில் தாவர மாதிரிகளைத் திரட்டுவோர் ஆகிய அனைவருக்கும் கத்தி இன்றியமையாத கருவியாகும். அது கைதவறி விழுமாயின் கீழே நிற்பவர் காயமுறக்கூடும். ஆற்றிலோ கடலிலோ விழுந்தால் கருவி மீளாது. ஆதலின், பிடியிலுள்ள துளையில் ஒரு கயிற்றைக் கோத்து, மறுமுனையை மணிக்கட்டிலோ இடைவாரிலோ இணைத்துக்கொள்ளும் வழக்கம் கடலோடிகளிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆயினும், கயிறு தடிப்பாக இருந்தாற் போதும் என்ற எண்ணம் பலரிடம் காணப்படுகிறது. இவ்வெண்ணம் சரியன்று.

விழும் கத்தியின் விசை

300 கிராம் எடையுள்ள கத்தியொன்று 60 செ.மீ. நீளமுள்ள கயிற்றில் கட்டப்பட்டு, அந்நீளம் முழுதும் தடையின்றி விழுவதாகக் கொள்வோம். கயிறு 1 செ.மீ. மட்டுமே நீண்டு அதனை நிறுத்துமாயின், கத்தி விழுந்த மொத்தத் தொலைவு 61 செ.மீ. ஆகும். கயிற்றின்மீது ஏற்படும் சராசரி இழுவிசை கத்தியின் எடையைப்போல் 61 மடங்கு. அஃதாவது ஏறத்தாழ 18 கிலோகிராம் எடைக்குச் சமம். உச்ச விசை இதனினும் இருமடங்காகலாம். அதே கயிறு 6 செ.மீ. நீளுமாயின் சராசரி இழுவிசை 11 மடங்காகக் குறைந்துவிடும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். ஒன்று, ஒரே பொருளாலான கயிறுகளுள் தடித்தது குறைவாகவே நீளுமாதலின், அது முடிச்சுக்கும் பிடித்துளைக்கும் மிகுந்த அதிர்ச்சியைத் தரும். மற்றொன்று, கயிறு எவ்வளவு குட்டையோ அவ்வளவுக்கு விழும் தொலைவும் தாக்கும் ஆற்றலும் குறையும். எனினும், மிகுதியாக நீளும் கயிறு கத்தியை மீண்டும் கையை நோக்கித் துள்ளச் செய்யும். ஆகவே நடுத்தர நீட்சியே நன்று.

இழைகளின் இயல்பு

பருத்தி மென்மையானது, முடிச்சை இறுகப் பற்றும், நனைந்தால் அதன் வலிமை சற்று மிகும். ஆனால் ஈரத்திலேயே கிடந்தால் பூஞ்சை பற்றி இற்றுப்போகும். சணல் ஈரத்தில் வலிமை குன்றி விரைவில் மட்கும். சணப்பு நார் சணலினும் நீரை நன்கு தாங்குவதாதலின் முற்காலத்தில் மீன்வலைகளுக்குப் பயன்பட்டது. தேங்காய் நார் உவர்நீரை நெடுநாள் தாங்குமாயினும், அதன் சொரசொரப்பு மணிக்கட்டை உராய்ந்து புண்ணாக்கும்.

1935-இல் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கிய நைலான் வலிமையும் நீட்சியும் மிக்கது. நனையும்பொழுது அதன் வலிமை 10 முதல் 15 விழுக்காடு வரை குறையும். 1941-இல் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்ட பாலியெஸ்டர் இழை நைலானைவிடக் குறைவாகவே நீளும். நனைந்தாலும் வலிமை குன்றாது. வெயிலையும் நன்கு தாங்கும். பாலிபுரோப்பிலீன் நீரில் மிதக்கும், விலையும் குறைவு. ஆயினும் பாதுகாப்புப் பொருள் சேர்க்கப்படாதது வெயிலில் நொறுங்கிவிடும்.

மழைக்காட்டிலும் படகிலும் பணிபுரிவோர்க்கு 3 அல்லது 4 மி.மீ. தடிப்புள்ள பாலியெஸ்டர் பின்னற் கயிறு ஏற்றது. உலர்ந்த நிலத்தில் பருத்திப் பின்னற் கயிறே போதுமானது.

பின்னலும் முடிச்சும்

முறுக்குக் கயிற்றில் தொங்கும் கத்தி, முறுக்கு அவிழும்பொழுது தானும் சுழலும். கூர்முனை எத்திசை நோக்கும் என்று கூறவியலாது. பின்னற் கயிற்றில் இக்குறை பெரிதும் இல்லை. எக்கயிறாயினும் முடிச்சிட்ட இடத்தில் வலிமை குறையும். சில முடிச்சுகளில் பாதியளவே எஞ்சும். வழுவழுப்பான செயற்கை இழைகளில் முடிச்சு நழுவும். எனவே இழுக்க இழுக்கச் சுருங்காத கண்ணியை இட்டு, முனையில் கயிற்றின் தடிப்பைப்போல் 12 மடங்கு நீளம் விடுதல் வேண்டும். பருத்திக் கயிற்றின் முனையை நூலால் சுற்றிக் கட்டலாம். செயற்கை இழையின் முனையைச் சுடரில் காட்டி உருக்கலாம்; உருகிய துளி தோலிற்படாமல் காத்தல் அவசியம்.

உயிர்க்காப்பு

பாரசூட் கயிற்றில் ஒருவகை 250 கிலோகிராம் வரை தாங்கும். கத்திக்கு இத்துணை வலிமை வேண்டுவதில்லை. அதுவே கழுத்தில் மாட்டப்பட்டு ஒரு கிளையில் சிக்கினால் உயிருக்கே இடராகும். ஆகவே மரமேறுவோரும் படகிற் பணிபுரிவோரும் கழுத்தில் கயிறு மாட்டலாகாது. இடைவாரிலேயே இணைத்தல் வேண்டும். தரையில் நின்று பணிசெய்வோர் கழுத்தில் அணிய நேரின், பிடரிப் பக்கத்தில் கயிற்றைத் துண்டித்து, சிறு இழுப்பிலேயே அறுபடும் மெல்லிய பருத்தி நூலால் இணைத்தல் வேண்டும். சுழலும் இயந்திரங்களுக்கு அருகே மணிக்கட்டுக் கயிற்றையும் கழற்றிவிடல் வேண்டும்.

வகுப்பறைச் சோதனை

ஒரே தடிப்பும் 1 மீட்டர் நீளமும் உடைய பருத்தி, நைலான், சணல் கயிறுகளில் 5 கிலோகிராம் மணற்பையைத் தொங்கவிட்டு, நீட்சியை மாணவர்களைக் கொண்டே அளக்கச் செய்யலாம். கயிறுகளை ஓரிரவு நீரில் ஊறவைத்து மீண்டும் அளந்தால் இழைகளின் வேறுபாடு புலனாகும். இச்சோதனையில் கத்தியைப் பயன்படுத்தலாகாது. களப்பணியாளர் மாதம் ஒருமுறையேனும் முடிச்சையும், பிடித்துளையை ஒட்டிய பகுதியையும் நோக்கி, பிசிர் தென்பட்ட கயிற்றை உடனே மாற்றிவிடுதல் நலம். ஒரு முழக் கயிற்றின் விலை சிறிது. அது காப்பதோ கருவியையும் கீழே நிற்பவரையும் ஆகும்.